நாவல் எழுதத் தனி மென்பொருள் வாங்கலாமா? மூன்று தலைமுறைக் கதை, ஒரே வேர்டு கோப்பு

மில்_காலனி:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் பின்னி மில்லைச் சுற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று தலைமுறை. தாத்தா 1921 வேலைநிறுத்தத்தில் நின்றவர். மகன் அதே மில்லில் நெசவுப் பிரிவில் இருந்து, 1996இல் மில் மூடியபோது வெளியே வந்தவர். பேத்தி 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் மாட்டிக்கொள்கிறாள். கதை நேர்வரிசையில் போகாது, மூன்று காலமும் மாறி மாறி வரும்.

இப்போது எல்லாமே ஒரே வேர்டு கோப்பில் கிடக்கிறது. தாத்தா சங்கக் கூட்டத்துக்குப் போகிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கம் பக்கமாக உருட்ட வேண்டும். ஒரு காட்சியை முன்னால் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம் என்றால் வெட்டி ஒட்டவே கை வரவில்லை, சரியாக அமையாவிட்டால் பழையபடி எப்படித் திருப்புவது? குறிப்புகள் வேறு ஆளுக்கொரு மூலையில். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் எடுத்தவை நோட்டில், மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் சொன்னவை போனில் குரல் பதிவாக, மீதி எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸப் செய்திகளாக.

ஸ்க்ரிவனர் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் தமிழ் ஒழுங்காக வருமா? காசு கொடுத்து வாங்கும் அளவுக்குப் பயன் இருக்குமா, இல்லை இலவசமாகவே வேறு நல்லது இருக்கிறதா? வீட்டில் விண்டோஸ் மடிக்கணினி, கையில் ஆண்ட்ராய்டு போன். தினமும் பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் வந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துத் தரமணி போகிறேன். அந்த நேரத்தையும் எழுதப் பயன்படுத்த ஆசை.

ஆதம்பாக்கம்_அகிலா:

உங்கள் கதை மாதிரி காலம் மாறி மாறி வரும் கதைக்குத்தான் இந்த மாதிரி மென்பொருள் உண்மையிலேயே உதவும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். நான் விண்டோஸில் ஸ்க்ரிவனர் வைத்து ஒரு நாவலை முடித்து அச்சுக்கும் கொடுத்தாயிற்று, இரண்டாவது போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் அது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாவல் எழுத ஆசைப்பட்ட ஒருவர், தனக்கு வேண்டிய வசதி எதிலும் கிடைக்காமல், தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு உருவாக்கியது. கீத் பிளவுன்ட் என்று பெயர், பிரிட்டனைச் சேர்ந்தவர். மேக்கில் 2007இல் வந்தது, விண்டோஸுக்கு 2011இல். இப்போதிருக்கும் மூன்றாம் பதிப்பு விண்டோஸுக்கு 2021இல்தான் வந்தது. மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும், 60 டாலரை ஒட்டி விலை. வாங்குவதற்கு முன் 30 நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். அந்த 30 நாளும் நீங்கள் திறக்கிற நாளைத்தான் கணக்கில் எடுக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தால் 15 வாரம் ஓடும். ஆகவே அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

இடது பக்கம் ஒரு மரப்பட்டியல் இருக்கும், பைண்டர் என்பார்கள். அதில் ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டு. இழுத்து மேலே போட்டால் மேலே போகும், பிடிக்கவில்லையென்றால் பழைய இடத்துக்கே இழுத்துவிடலாம். வெட்டி ஒட்டுகிற பயமே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை உண்டு, அதில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதி வைக்கலாம். அட்டைகளை எல்லாம் ஒரு பலகையில் குத்தியதுபோலப் பரப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வண்ணம் கொடுங்கள், தாத்தா காலம் பழுப்பு, அப்பா காலம் நீலம், பேத்தி காலம் பச்சை என்று. பலகையைத் திறந்த உடனே, அப்பாவின் கதை நடுவில் எவ்வளவு நேரம் காணாமல் போகிறது என்பது வாசிக்காமலேயே கண்ணில் படும். பச்சை மட்டும் தொடர்ந்து ஏழெட்டு வந்தால் அங்கே வாசகர் தாத்தாவை மறந்திருப்பார்.

அதைவிட எனக்கு முக்கியமானது ஸ்னாப்ஷாட். ஒரு காட்சியைத் திருத்துவதற்கு முன் ஒரு சொடுக்கில் அப்போதைய நிலையை எடுத்து வைத்துவிடலாம். அப்புறம் எவ்வளவு வெட்டினாலும் பழையது பத்திரம், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், வேண்டாமென்றால் பழையதற்கே திரும்பலாம். இது வந்த பிறகுதான் எனக்குத் தைரியமாகத் திருத்தவே வந்தது.

தமிழ் வருமா என்றால் வரும், யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், தட்டச்சு செய்தால். எழுத்துருவை மட்டும் அமைப்புகளில் நிர்மலா யூஐ அல்லது நோட்டோ செரிஃப் தமிழ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டுக்கு ஸ்க்ரிவனர் கிடையாது, ஐபோனுக்கும் ஐபேடுக்கும் மட்டும்தான். உங்கள் ரயில் பயணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மந்தைவெளி:

தம்பி, மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இந்த மேடையில் ஸ்க்ரிவனர் பற்றி எவ்வளவோ பேச்சு ஓடியிருக்கிறது, நாவல் முடித்தேன் என்று வந்து சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வண்ணம் பூசுவது, அட்டை அடுக்குவது, கதாபாத்திரத்துக்குப் படம் தேடி ஒட்டுவது, எல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் ஒரு வரி கூடியிருக்காது.

இரண்டாவது, திட்டம் போட்டு எழுதுவதிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் எத்தனையோ, அடுத்த வாரம் என்ன என்பது எழுதுகிறவருக்கே முழுசாகத் தெரியாமல் எழுதப்பட்டவை. அதில் ஒரு துடிப்பு இருந்தது. உங்கள் தாத்தா வேலைநிறுத்தத்தில் என்ன செய்வார் என்று அட்டையில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அவர் தானாக ஒன்றைச் செய்ய வரும்போது நீங்கள் விடமாட்டீர்கள். நான் இன்றும் நாற்பது பக்க நோட்டில், அத்தியாயத்துக்கு ஒரு நோட்டு என்று எழுதுகிறேன். வரிசை மாற்ற வேண்டுமென்றால் நோட்டை மாற்றி அடுக்குவேன்.

ஆதம்பாக்கம்_அகிலா:

ஐயா, நீங்கள் அத்தியாயத்துக்கு ஒரு நோட்டு வைத்து அடுக்கி மாற்றுவதைத்தான் பைண்டர் செய்கிறது! முறை ஒன்றேதான்.

திட்டம் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். நான் அட்டையை முன்னால் எழுதுவதில்லை. காட்சியை எழுதி முடித்த பிறகு, அதில் உண்மையில் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுவேன். நடக்க வேண்டும் என்று நினைத்ததை எழுதுவதில்லை, நடந்ததை மட்டும். முதல் வரைவு முடிந்ததும் அந்த அட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் கதையின் எலும்பு தெரிகிறது. எந்தக் காட்சிக்கு இரண்டு வரி எழுதத் திணறுகிறேனோ அதில் பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. பேசிக்கொண்டிருப்பார்கள், காபி குடிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் கட்சி இது: இந்த மென்பொருள்கள் முதல் வரைவுக்குப் பெரிய உதவி இல்லை. முதல் வரைவை நோட்டிலும் எழுதலாம், போனிலும் எழுதலாம். எழுதியதை எடுத்து வைத்துத் திருத்தும்போதுதான் இவை தேவைப்படுகின்றன. வாங்குகிறவர்கள் தலைகீழாக, முதல் நாளே எல்லாவற்றையும் திட்டமிட அதில் உட்காருகிறார்கள். மந்தைவெளி ஐயா சொல்லும் ஆபத்து அங்கேதான் வருகிறது.

நிரல்வழி:

காசு கொடுக்கும் முன் இலவசமானவற்றையும் பாருங்கள், பட்டியல் சின்னது இல்லை.

ஒய்ரைட்டர்: மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைமன் ஹெய்ன்ஸ் உருவாக்கியது. அவரே நாவலாசிரியர், நிரலும் எழுதுவார். தோற்றம் பழையதாகத்தான் இருக்கும், ஆனால் அமைப்பு தெளிவு. நாவல், அதற்குள் அத்தியாயம், அதற்குள் காட்சி. ஒவ்வொரு காட்சியிலும் யார் இருக்கிறார்கள், எந்த இடம், யாருடைய பார்வை என்று குறிக்கலாம். ஆண்ட்ராய்டிலும் உண்டு, உங்களுக்கு அது ஒரு காரணம்.

நாவல்ரைட்டர்: இது முழுக்க எளிய உரைக் கோப்பு. தலைப்பையும் குறிப்பையும் சில குறியீடுகளால் காட்ட வேண்டும், ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். மேனுஸ்கிரிப்ட், பிபிஸ்கோ என்று இன்னும் இரண்டும் இருக்கின்றன, அவையும் திறந்த மூலம்தான். குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்க அப்சிடியன் நல்லது.

நான் எளிய உரையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாவல் எழுதப் பல வருடம் ஆகும். அதற்குள் எந்த நிறுவனம் இருக்கும், எது இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. எளிய உரைக் கோப்பை எந்தக் கணினியிலும் திறக்கலாம். ஸ்க்ரிவனரும் இந்த விஷயத்தில் மோசமில்லை, உள்ளே பார்த்தால் ஒரு கோப்புறைக்குள் ஒவ்வொரு காட்சியும் ஆர்டிஎஃப் என்ற பொதுவான உரைக் கோப்பாகத்தான் இருக்கும், வேறு மென்பொருளிலும் திறக்கும்.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் வேர்டிலேயே தலைப்புப் பாணி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் 'தலைப்பு 2' பாணியில் ஒரு பெயர் கொடுத்துவிட்டு, வழிசெலுத்தும் பலகத்தைத் திறந்தால் இடப்பக்கம் வரிசையாகத் தெரியும். அங்கே தலைப்பை இழுத்தால் அதன் கீழுள்ள முழுக் காட்சியும் சேர்ந்து நகரும். லிப்ரே ஆபீஸில் எஃப்5 அழுத்தினால் இதே வசதி. உங்கள் பிரச்சினையில் பாதி இதிலேயே தீரும், பைசா செலவில்லை.

மில்_காலனி:

வேர்டில் இழுத்து நகர்த்தலாம் என்பது எனக்குப் புதுசு, இப்போதே செய்து பார்த்தேன், நகர்கிறது! நன்றி சார்.

அகிலா மேடம், அந்தக் காலக் கணக்கு பற்றி ஒரு சந்தேகம். தாத்தா 1903இல் பிறந்தவர், மகன் 1936, பேத்தி 1975 என்று வைத்திருக்கிறேன். இதையெல்லாம் ஸ்க்ரிவனரே பார்த்துக்கொள்ளுமா?

ஆதம்பாக்கம்_அகிலா:

பார்த்துக்கொள்ளாது. ஒவ்வொரு காட்சிக்கும் வருடம் என்று ஒரு கட்டம் நீங்களே சேர்த்து நிரப்பலாம், பட்டியலில் அது தெரியும், அவ்வளவுதான். வயதுக் கணக்குக்கு ஒரு எக்செல் தாளே போதும். மேலிருந்து கீழே வருடம், பக்கவாட்டில் ஒவ்வொருவரின் வயது, கடைசிக் கட்டத்தில் ஊரில் அந்த வருடம் என்ன நடந்தது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1921இல் தாத்தாவுக்கு 18, சரி, வேலைநிறுத்தத்தில் நிற்கிற வயது. மகன் 1936 என்றால் 1996இல் அவருக்கு 60. அந்த வயதில் மில் தொழிலாளி பெரும்பாலும் ஓய்வு பெற்றிருப்பார், மில் மூடியதால் தெருவுக்கு வந்தார் என்பது நிற்காது. 1943 என்று நகர்த்துங்கள், 53 வயது வரும். ஓய்வுக்கும் போக முடியாது, வேறு வேலைக்கும் யாரும் எடுக்கமாட்டார்கள். கதைக்கு அது இன்னும் வலு. தாத்தாவுக்கு 40 வயதில் பிறந்த கடைக்குட்டி ஆகிவிடுகிறார், அதிலும் ஒரு கதை இருக்கிறது. பேத்தி பிறக்கும்போது அவருக்கு 32, அதுவும் சரியாக வரும். 2015 வெள்ளத்தில் பேத்திக்கு 40.

கடைசிக் கட்டத்தில் போட வேண்டியவை: 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1953இல் டிராம் நின்றது, 1957இல் அணா போய் நயா பைசா வந்தது, 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது, 1996இல் நகரத்தின் பெயர் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது. இது பக்கத்தில் இருந்தால், மகன் 15 வயதில் டிராமில் ஏறுவதாக எழுதமாட்டீர்கள், அப்போது டிராம் போய் ஐந்து வருடம் ஆகியிருக்கும். அணா மட்டும் பேச்சில் பல வருடம் தங்கியது, அதை உரையாடலில் தாராளமாக விடலாம்.

வடபழனி_ரேவதி:

நான் இணையத்தில் தொடர்கதை எழுதுபவள், முழுக்க முழுக்கப் போனில்தான். கூகுள் டாக்ஸ், ஜிபோர்டு தமிழ் விசைப்பலகை, அவ்வளவுதான். சில நாள் குரல் தட்டச்சு. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சொல்லிக்கொண்டே போனால் உரையாடல் நன்றாக வரும், நிறுத்தற்குறிகளை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மில்_காலனி அண்ணா, ரயிலில் கூட்டமாக இருந்தால் ஒரு கையால் அடிக்க ஏதுவாக இருப்பது முக்கியம், பெரிய மென்பொருள் எதுவும் அங்கே உதவாது. அத்தியாயத்துக்கு ஒரு டாக் என்று தனித்தனியாக வையுங்கள், நீளமான டாக் போனில் இழுக்கும்.

அச்சுக்கோப்பு:

நான் திருவல்லிக்கேணியில் புத்தக வடிவமைப்பு செய்கிறவன். எழுத்தாளர்கள் எதில் எழுதினாலும் கடைசியில் கோப்பு என் மேசைக்குத்தான் வருகிறது, அங்கிருந்து சில விஷயங்கள்.

எந்த மென்பொருளானாலும் யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். இன்னும் சிலர் பழைய எழுத்துருக்களில் எழுதி அனுப்புகிறார்கள். சில அச்சகங்களில் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது, அதற்கு யூனிகோட் தெரியாது, ஆகவே உங்கள் கோப்பை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொல்லெல்லாம் புரியாத தமிழாக மாறி நிற்கும். பதிப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள், புதிய மென்பொருளான இன்டிசைனா பழைய பேஜ்மேக்கரா என்று. இன்டிசைன் என்றாலும் அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அது எங்கள் வேலை, ஆனால் மெய்ப்பு பார்க்கும்போது அப்படி ஒன்றைக் கண்டால் இதுதான் காரணம் என்று தெரிந்திருக்கட்டும்.

பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு உங்களிடம் இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. 'கோமதி' என்று ஒரு பாத்திரம். கோ என்பதன் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாக இருக்க வேண்டும். சில மாற்றிகள் அதை இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் போட்டுவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நீங்கள் கோமதி என்று தட்டித் தேடினால் பல மென்பொருள்கள் பாதியைத்தான் காட்டும். கௌரி, கௌசல்யா போன்ற பெயர்களில் இன்னும் மோசம், ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் போட்டு எழுதியிருப்பார்கள். எழுதத் தொடங்கும்போதே ஒரு பாத்திரத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள், எண்ணிக்கை சந்தேகமாகக் குறைந்தால் அந்த இரண்டு துண்டுகளையும் தேடி ஒரே குறியாக மாற்றிவிடுங்கள்.

பாத்திரத்தின் பெயரை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் தேடி மாற்றினால் முடிந்தது. நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறது. செல்வம் என்பதைக் குமார் என்று மாற்றினால், செல்வத்தை, செல்வத்திடம், செல்வத்துக்கு எல்லாம் அப்படியே நிற்கும். மகரத்தில் முடியும் பெயர் என்றால் 'செல்வத்' என்பதையும் தனியாகத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். அனைத்தையும் மாற்று என்ற பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள், கல்விச்செல்வமும் குமாராகிவிடும். என்னிடம் வரும் கோப்புகளில் பாதிப் புத்தகம் வரை ஒரு பெயரும் அப்புறம் இன்னொரு பெயருமாக அடிக்கடி பார்க்கிறேன்.

நிரல்வழி:

அச்சுக்கோப்பு சார் சொன்னது பொன்னான தகவல். இதோடு பிழைதிருத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எந்த நாவல் மென்பொருளும் தமிழ்ச் சந்தியைப் பார்க்காது. காட்சி முடிந்ததும் எடுத்து நாவியில் சந்தி பார்க்கலாம், வாணியில் எழுத்துப்பிழை பார்க்கலாம், இரண்டும் நீச்சல்காரன் உருவாக்கியவை. பேராசிரியர் தெய்வ சுந்தரத்தின் மென்தமிழ் முழுச் சொற்செயலியாகவே இருக்கிறது, சந்தியும் பார்க்கும். கதாபாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசுகிற பகுதியை இவற்றில் போடாதீர்கள், அத்தனையும் பிழை என்று வரும். வடசென்னைப் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

மந்தைவெளி:

சொல் எண்ணிக்கை இலக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். என் மருமகள் ஒரு நவம்பர் மாதம் 50,000 சொல் என்று ஆரம்பித்து, பாதியில் சோர்ந்துபோய், மொத்த நாவலையும் கைவிட்டாள். நன்றாக எழுதக்கூடிய பெண். அது எனக்கு இன்றும் மனசில் இருக்கிறது.

அச்சுக்கோப்பு:

அந்த 50,000 அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஒரு மாத நாவல் சவாலிலிருந்து வந்தது ஐயா, நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. நம் மொழியில் 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். நான் போடும் டெம்மி அளவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் வரும். 50,000 என்றால் 250 பக்கப் புத்தகம், தமிழில் அது முழு நாவல். ஒரே மாதத்தில் அதை முடிக்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்த அநியாயம். அவரைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இலக்கு வேண்டுமென்றால் எண்ணை இறக்கி வைத்துக்கொள்ளட்டும், இல்லை காட்சிக் கணக்கில் வைக்கட்டும்.

எழுத்து எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். நீ என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மந்தைவெளி:

சொல்கிறேன். இன்றே போன் செய்கிறேன்.

வடபழனி_ரேவதி:

ஐயா, அவரை இங்கேயும் அழைத்து வாருங்கள். வாரம் ஒரு காட்சி என்று நாங்கள் நாலைந்து பேர் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம், சேர்ந்துகொள்ளட்டும்.

மில்_காலனி:

நிறையத் தெளிவு கிடைத்தது. முடிவு இப்படி: முதல் வரைவை முடிக்கும்வரை வேர்டிலேயே, தலைப்புப் பாணி வைத்து எழுதுகிறேன். ரயிலில் கூகுள் டாக்ஸ். வயதுக்கு எக்செல் தாள் நேற்றே போட்டுவிட்டேன், மகன் 1943க்கு நகர்ந்துவிட்டார், அவரைக் கடைக்குட்டி என்று நினைத்தவுடன் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு காட்சி தானாக வந்து நிற்கிறது. வரைவு முடிந்ததும் ஸ்க்ரிவனரின் இலவச நாட்களைத் தொடங்குகிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம். இவ்வளவு பெரிய வேர்டு கோப்பை ஸ்க்ரிவனருக்குள் எப்படித் துண்டு துண்டாகக் கொண்டுபோவது? கையால்தான் வெட்ட வேண்டுமா? அப்புறம் காப்பு. வீடு தரைத்தளம், மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும் இடம்.

ஆதம்பாக்கம்_அகிலா:

கையால் வெட்ட வேண்டாம். வேர்டில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தனி வரியில் # குறி மட்டும் போடுங்கள். ஸ்க்ரிவனரில் இறக்குமதி செய்து பிரி என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது அந்தக் குறி உள்ள இடத்தில் எல்லாம் துண்டாக்கிப் பைண்டரில் அடுக்கிவிடும். நீங்கள் தலைப்புப் பாணி வைத்து எழுதினால் அதை வைத்தும் பிரிக்கச் சொல்லலாம். விட்டுப்போன இடத்தில் சுட்டியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

நூலகக் குறிப்புகளையும் ஆய்வு என்ற கோப்புறைக்குள் போட்டுவிடுங்கள், நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் போதும். குரல் பதிவையும் உள்ளே வைக்கலாம். திரையை இரண்டாகப் பிரித்து, கீழே அந்தப் பெரியவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மேலே காட்சியை எழுதலாம். மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது என்று அவர் சொன்னதைத் தேடி வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

காப்பு: மூடும்போது தானாகவே ஒரு பிரதியைச் சுருக்கி எடுத்து வைக்கும். ஆனால் அது அதே கணினியில்தான் இருக்கும். அமைப்புகளில் போய் அந்தக் காப்புக் கோப்புறையை மட்டும் இணையச் சேமிப்புக்கு மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே இணையச் சேமிப்பில் வைத்து இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறப்பது வேண்டாம், உள்ளே நிறையச் சின்னக் கோப்புகள் இருப்பதால் ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாகக் கலந்துவிடும்.

அச்சுக்கோப்பு:

காப்பு விஷயத்தில் சோம்பல் வேண்டாம் தம்பி. 2015இல் தரைத்தளத்தில் இருந்த கணினிகள் மூழ்கி, வருடக்கணக்கான வேலை போனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரிலும் அதே கதைதான். இணையத்தில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, அந்தப் பென் டிரைவ் வேறு வீட்டில். மாதம் ஒருமுறை உங்களுக்கே மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பினாலும் போதும்.

ஸ்க்ரிவனரிலிருந்து வெளியே எடுக்கும்போது, கம்பைல் என்பார்கள், அதில் அவர்கள் வைத்திருக்கும் வடிவங்களில் ஆங்கில எழுத்துரு இருக்கும். அதைத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு டாக்எக்ஸாக, அதாவது வேர்டு கோப்பாக, எடுங்கள். காட்சி முறியும் இடத்தில் வெற்று வரி மட்டும் விடாமல் மூன்று நட்சத்திரம் போடச் சொல்லுங்கள், வெற்று வரி பக்க வடிவமைப்பில் காணாமல் போகும், உங்கள் 1921உம் 2015உம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். பத்தி உள்ளிழுக்க ஸ்பேஸ் பட்டையைத் தட்டி அனுப்பாதீர்கள், ஒவ்வொன்றாக நீக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி நந்தனம் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் கோப்பை அக்டோபருக்குள் பதிப்பாளரிடம் கொடுத்துவிடப் பாருங்கள். டிசம்பரில் வந்தால் மெய்ப்பு பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

மில்_காலனி:

இந்த வருடம் முடியாது சார், அடுத்த வருட அக்டோபர் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று நட்சத்திரத்தை இன்றிலிருந்தே போட ஆரம்பிக்கிறேன். # குறிக்குப் பதில் அதையே வைத்துப் பிரிக்கச் சொல்லலாமா?

ஆதம்பாக்கம்_அகிலா:

சொல்லலாம். பிரிக்கும் குறி என்ன என்று அந்தக் கட்டளையே கேட்கும், அங்கே மூன்று நட்சத்திரத்தைத் தட்டுங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டு எழுதினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விடுங்கள்.